கோலத்துக்கு வெளியே ஒரு புள்ளி

போன மாதம் உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். சென்னையில் பச்சை குத்துகிற கடை போட்டிருப்பவர், நல்ல கை. பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கம்ப்யூட்டரில் பிடித்து அச்செடுத்த படம். முன்கையின் உட்புறத்தில் குத்துகிற பழைய காலத்துப் பச்சைக் கோலம். கல்லூரிப் பெண்கள் இப்போது இதைத்தான் கேட்கிறார்களாம். டிராகனும் பட்டாம்பூச்சியும் போய், பழசு திரும்பிவிட்டதாம். ரொம்பச் சந்தோஷம் என்றேன்.

"ஒரு சந்தேகம் மாஸ்டர். கோலம் ரெண்டு பக்கமும் சமமா வருது. ஆனா கீழ ஒரு புள்ளி மட்டும் தனியா நிக்குது பாருங்க, எதோடயும் சேரல. தப்பா விழுந்ததுன்னு நெனைக்கிறேன். எடுத்துடலாமா?"

அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்லவில்லை. டீ கொடுத்து, ஊர்க்கதை பேசி அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன், அவருக்கும் சேர்த்து உங்கள் எல்லாருக்கும். மெஷினை எப்படிப் பிடிப்பது, மை எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் எழுதினால் சிரிப்பீர்கள். இது வேறு விஷயம்.

நான் அடிப்படையில் போர்டு எழுதுகிறவன். திருத்தணிக் கடைத்தெருவில் பாதிப் பெயர்ப்பலகை ஒரு காலத்தில் என் கையெழுத்து. ஊரில் கடைசி வரைக்கும் என்னைப் பெயின்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திருவிழாவில், பேட்டரியில் ஓடும் பச்சை குத்துகிற மெஷினைப் பார்த்தேன். கோடு போடுவதுதானே, சுவரில் போட்டால் என்ன, தோலில் போட்டால் என்ன என்று நினைத்து அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டேன். மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு ஸ்டூல், ஒரு குடை, டிசைன் ஒட்டிய ஒரு அட்டை. கடை என்றால் அவ்வளவுதான்.

எனக்கு எதிரே, படிக்கு அந்தப் பக்கம், ஊசிக்காரம்மா உட்கார்ந்திருப்பார். பாசிமணி, சீப்பு, ஊசி விற்கிற குடும்பம். அதோடு பச்சையும் குத்துவார். என் வயதுதான் இருக்கும். அப்போதெல்லாம் அவரிடம் வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது, வரட்டும்.

மெஷின் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் பச்சை என்பது பெரும்பாலும் பெண்கள் சமாச்சாரம். குத்துவதும் பெண், குத்திக்கொள்வதும் பெண். விளக்குக் கரியைக் கீரைச் சாற்றில் குழைத்து, இரண்டு மூன்று ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். முடிந்ததும் மஞ்சள். கன்னத்தில் புள்ளி, முன்கையில் தேள், உட்கையில் கோலம். கையில் தேள் இருந்தால் தேள் கொட்டாது என்பார்கள். கொட்டு வாங்கி அலறியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூச்சப்பட்ட காலம் அது. ஆஸ்பத்திரியில் பேர் கேட்டால் சில பெண்கள் கையை நீட்டிவிடுவார்கள், அங்கே எழுதியிருக்கும். செத்தால் நகையெல்லாம் கழற்றிக்கொள்வார்கள், இதைக் கழற்ற முடியாது, இது கூடவே வரும் என்றும் அந்தப் பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்திருந்தது.

ஊசிக்காரம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. குத்துவதற்கு முன் பேர் என்ன, எந்த ஊர், கூட வந்திருப்பது யார் என்று விசாரிப்பார். கோலம் முடிந்து மஞ்சள் பூசுவதற்குள் கோலத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைப்பார். ஒருத்திக்கு மணிக்கட்டுப் பக்கம், ஒருத்திக்கு முழங்கைப் பக்கம், இன்னொருத்திக்கு இரண்டு. அவர் குத்திய எந்தக் கையும் இன்னொரு கை மாதிரி இருக்காது. போர்டு எழுதுகிறவன் கண்ணுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"அளவா வந்த கோலத்த இன்னாத்துக்கு நீயே கெடுக்கற?"

"ஒருத்தி கோலத்த அப்பிடியே இன்னொருத்திக்கு வெக்கக் கூடாது பெயின்டரே."

"வெச்சா இன்னா ஆவும்?"

"எனுக்குத் தெரியாது. எங்கம்மா வெக்க மாட்டாங்க. நானும் வெக்க மாட்டேன்."

தெரியாமல் ஒரு பழக்கமா என்று சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார், அதுதான் அவர் குணம்.

அவரை அந்த இடத்தைவிட்டு எழுப்பியது நான்தான். இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வருடங்களில் ஊசி மூலம் நோய் பரவும் என்று சுவரெல்லாம் விளம்பரம். நல்ல விளம்பரம்தான், சில போர்டுகளை நானே எழுதினேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் போகிற பெண்களைக் கூப்பிட்டு, "அங்க எல்லாருக்கும் ஒரே ஊசிம்மா, பாத்துக்கோங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். கூட்ட நாளில் என் ஊசியை நான் எத்தனை தடவை மாற்றினேன் என்று யாரும் கேட்கவில்லை. அவர் என்னிடம் வந்து சண்டை போடவில்லை. ஒரு ஆடிக் கிருத்திகை வரைக்கும் உட்கார்ந்திருந்தார், அதற்குப் பிறகு அந்த இடம் காலியாக இருந்தது.

இந்தத் தொழிலில் எனக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது என்பதற்கும் ஒரு சாட்சி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என்னை முழு மூடன் என்று நினைப்பீர்கள். கே.ஜி.கண்டிகையில் இருந்து ஒரு ஆட்டோ டிரைவர் வந்தார். நெஞ்சில் ஒரு பெண் பேரை எழுத வேண்டும், உடனே எழுத வேண்டும் என்று ஒரே அவசரம். பேச்சிலேயே சாராய நெடி அடித்தது. "காலையில காப்பி குடிச்சிட்டு வாங்க, எழுதறேன்" என்றேன். திட்டினார், குடையைத் தள்ளினார், போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வந்தார், காப்பி குடித்துவிட்டு. எழுதச் சொன்னது வேறு பேர். அவசரப்படுகிற ஆளைத் தள்ளிப் போட வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்துதான் என்ன.

என் மயிலுக்கு வருகிறேன். ஒரே எழுத்தை நாலு சுவரில் எழுத வேண்டும் என்றால் நாங்கள் ஒரு தாளில் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஓட்டை போட்டு, சுவரில் வைத்து நீலப் பொடியைத் தட்டுவோம். தாளை எடுத்தால் சுவரில் கோடு நிற்கும். அதே வேலையைக் கைக்குச் செய்தேன். கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கிற ஒரு மயில், தோகை மணிக்கட்டை நோக்கி இறங்கும். தாளை வைத்துத் தட்டி, அதன் மேல் மெஷினை ஓட்டினால் ஒரு கோடு பிசகாது. முருகன் ஊர், ஆடிக் கிருத்திகைக் கூட்டம், தோளில் காவடியோடு வந்த பெண்கள் எல்லாம் அந்த மயிலைத்தான் கேட்டார்கள். எத்தனை கைக்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. எல்லாம் ஒரே மயில். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஊசிக்காரம்மா எழுந்து போன அந்த ஆடிக்கு அடுத்த பங்குனி. காலை வேளை, கூட்டம் இல்லை. ஒரு ஏட்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், தோளில் இருக்க வேண்டிய துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏட்டு ஒரு போட்டோவை நீட்டினார். ஒரு பெண்ணின் முன்கை மட்டும் தெரிந்தது.

"பெயின்டரே, இத்தப் பாரு. உன் வேலையா?"

"என் மயில்தான் சார். கழுத்து வளைவப் பாத்தாலே தெரியும்."

சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை ஓடியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்புறம்தான் ஏட்டு விஷயத்தைச் சொன்னார். அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் நடுவே ரயிலில் அடிபட்டுக் கிடந்த பெண். முகம் பார்க்கும்படி இல்லை. பின்னால் நிற்பவர் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர். மாசியில் அவருடைய பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள், இன்னும் தகவல் இல்லை. போன ஆடிக் கிருத்திகைக்கு என்னிடம்தான் மயில் குத்திக்கொண்டாள்.

நெசவுக்காரர் முன்னால் வந்தார். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து கூன் விழுந்த உடம்பு.

"கையப் பாத்தேன் நைனா. அவளுது மாதிரிதான் கீது. ஆனா இந்தப் புள்ளி…" என்று தோகைக்குக் கீழே விரலை வைத்தார். "இது ஊட்ல பாத்த ஞாபகம் இல்ல. அவங்கம்மாவக் கேட்டா தெரியும். அவளுக்கு இதக் காட்ட மனசு வரல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். தோகை முடிகிற இடத்துக்கு வெளியே, மணிக்கட்டுப் பக்கம், கடுகளவு ஒரு புள்ளி. என் தாளில் புள்ளி கிடையாது. தாளில் இல்லாதது கையில் வராது. இது எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்திலேயே தெரியும்.

ஆனால் ஏட்டு வாட்சைப் பார்த்தார். நெசவுக்காரர் என் வாயைப் பார்த்தார். ஊர் ஊராய் அலைந்தவர், இதோடு அலைச்சல் முடியட்டும் என்று எனக்குத் தோன்றியது. தவிரவும் அது என் மயில், அதில் என் கை படாதது ஒன்று இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு ஒரு நாளில் என் வேலையில் மை சொட்டியிருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு நானே சொன்னேன்.

"மெஷின எடுக்கும்போது ஒரு சொட்டு விழுந்திருக்கும். அது சகஜம்தாங்க."

"அப்ப எம் பொண்ணு கையில நீங்க போட்டதுதானா?"

"ஆங்" என்றேன்.

அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். ஏட்டு எழுதிக்கொண்டார். அவர்மேல் குற்றம் இல்லை, நான் சொன்னதைத்தான் எழுதினார். அன்றைக்கே அம்மையார்குப்பத்தில் கொண்டுபோய், சுற்றிய துணியைப் பிரிக்காமலே தகனம் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தெருவில் ஒரு தறி ஓடவில்லை என்றும் சொன்னார்கள்.

ஆவணியில் அந்த நெசவுக்காரர் திரும்ப வந்தார். வாடிக்கைக்காரர் உட்கார்கிற ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"அவ வந்துட்டா நைனா. பெங்களூர்ல இருந்தாளாம். கல்யாணம் பண்ணிகினு புருஷனோட வந்து நிக்கறா."

சந்தோஷம் என்று சொல்ல வேண்டிய இடம் அது.

"மாலை போட்ட போட்டோவக் கழட்டிட்டு உள்ள இட்டுகினு போனோம். அவங்கம்மா மொதல்ல கையத்தான் பாத்தா. புள்ளி இல்ல."

அவர் கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையைப் பிடித்திருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மெதுவாக, எனக்குத் தெரிந்திருக்கும் என்கிற மாதிரி கேட்டார்.

"அப்ப நான் யாருக்குக் கொள்ளி வெச்சேன் நைனா?"

ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். எழுதிக்கொண்டார்கள். அப்படி ஒரு பெண் காணாமல் போனதாக இந்தப் பக்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. நெசவுக்காரர் பஸ் ஏறும்போது சொன்னார்: "எம் பொண்ணு வந்துட்டா. அந்தப் பொண்ணத் தேடிகினு எங்கியோ ஒருத்தர் சுத்திகினு இருப்பாங்க. எம் பொஞ்சாதி தெனமும் எங்கிட்ட இதத்தான் சொல்றா."

நான் உட்கார்ந்து யோசித்தேன். மயிலை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஆடிக் கிருத்திகையில் எனக்கு முன்னால் நீண்ட கைகளில் ஒரு முகமும் நினைவில் இல்லை. தாளைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. ஆனால் புள்ளி இருந்தது. கோலத்துக்கு வெளியே புள்ளி வைக்கிற கை இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதை எழுப்பி விரட்டியவன் நான்.

விசாரித்துக்கொண்டே போனேன். கனகம்மாசத்திரம் பஸ் நிற்கிற இடத்தில் கேட்டதற்கு, நகரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டினால் அரை மணி நேரம். நகரி பஸ் ஸ்டாண்டில் தரையில் ஒரு துணி விரித்து ஊசியும் பாசியும் பரப்பி ஊசிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கவில்லை. "வா பெயின்டரே" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், என் 'ஆங்' உட்பட. மயிலுக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கம் ஒரு புள்ளி என்றதும் அவர் கையில் இருந்த பாசிமணியைக் கீழே வைத்தார்.

"ஆடிக் கிருத்திகை அன்னிக்குப் பச்சைத் தாவணி கட்டிகினு இருந்துச்சு அந்தப் பொண்ணு. உங்கிட்ட மயிலு குத்திகினு நேரா எங்கிட்ட வந்தாங்க, அம்மாவும் பொண்ணும். மயிலு அவ ஆசைக்கு, புள்ளி என் ஆசைக்கு, ஒண்ணு வைம்மான்னு அந்தம்மா கேட்டுச்சு. அன்னிக்கு நான் வெச்சது அந்த ஒரு புள்ளிதான். வேற யாரும் எங்கிட்ட வரல."

"அந்தம்மா எந்த ஊருன்னு தெரியுமா?"

ஊசிக்காரம்மா என்னைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டின் மறுபக்கம் பார்த்தார். அங்கே ஒரு அம்மா, கூடையில் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை வைத்துக்கொண்டு, பஸ் ஜன்னல் ஜன்னலாகப் போய் விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஜன்னலிலும் பொட்டலத்தை நீட்டிவிட்டு உள்ளே இருக்கிற முகங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தார்.

"பங்குனில அரக்கோணத்துக்கு, அக்கா ஊட்டுக்குன்னு ரயிலேறிச்சாம் பொண்ணு. போய்ச் சேரல. அன்னிலேந்து அந்தம்மா இப்பிடித்தான் பாத்துகினு கீது."

திருத்தணி பஸ் பக்கத்திலேயே புறப்படத் தயாராக நின்றது. ஏறிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஊசிக்காரம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"நான் சொல்லட்டா?"

"வேணாம். நான் சொல்றேன்."

அந்த ஒன்றைத்தான் அந்த ஒரு வருடத்தில் சரியாகச் செய்தேன்.

போய் நின்றோம். ஊசிக்காரம்மா, "அக்கா, இவரு திருத்தணி பெயின்டரு. உம் பொண்ணுக்கு மயிலு போட்டவரு" என்றார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. கூடையை இறக்கி வைத்தார்.

"எம் பொண்ணப் பாத்தீங்களா?"

திருத்தணி பஸ்ஸை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"கையப் பாத்தேம்மா. போட்டோவுல."

போட்டோ என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ரயில், தண்டவாளம், தகனம் என்று நான் சொன்னது எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. அது போகும் வரைக்கும் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"புள்ளி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் வேற ஊட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்களா?"

"ஆங்" என்றேன்.

மெஷின், மை, சொட்டு என்று ஏதேதோ சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். கடலை வாங்க வந்த ஒருவர் கூடையைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார். ஊசிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான பொழுது இல்லை.

நான் பஸ் ஏறும்போது ஊசிக்காரம்மாவிடம், "இதுக்குத்தான் புள்ளி வெச்சாங்களா உங்கம்மா?" என்று கேட்டேன். "எனுக்கு இன்னும் தெரியாது பெயின்டரே" என்றார்.

மயில் தாளைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கிழிக்கவில்லை. இன்னும் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, அன்றிலிருந்து ஒரு கைக்கும் அதை வைத்ததில்லை. அதற்குப் பிறகு எந்தக் கைக்குக் குத்தினாலும் வெளியே ஒரு புள்ளி வைத்தேன். ஒரு நோட்டில் பேர், ஊர், புள்ளி எந்தப் பக்கம் என்று எழுதினேன். ஊசிக்காரம்மாவைப் போய்க் கூப்பிட்டேன். மூன்று தடவை வரவில்லை, நாலாவது தடவை வந்தார். எதிர்ப்பக்கம் இல்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னையில் இருந்து பழைய கோலம் கேட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தபோது, அவர் கோலத்தைச் சொல்லச் சொல்ல நான் ஆளுக்கொரு புது ஊசியில் குத்துவேன். புள்ளி எங்கே என்பதை அவர்தான் காட்டுவார். பேரும் ஊரும் கேட்ட பிறகுதான் காட்டுவார். கை நடுங்க ஆரம்பித்து நான் மெஷினை வைக்கிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் தாளில் இருக்கிற புள்ளி தப்பாக விழுந்தது இல்லை. எங்கேயோ ஒரு பெண்ணின் கையைப் படம் பிடித்திருக்கிறார்கள், அவளுடைய அடையாளத்தோடு சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். பழசு திரும்பி வந்தது சந்தோஷம்தான். ஆனால் பழைய கோலத்தை என் மயில் மாதிரி தாளில் வைத்துத் தட்டினால் அது பழசு இல்லை. அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள், உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுடையது இல்லை அது. எடுத்துவிட்டு அவள் பேரைக் கேளுங்கள். முகத்தைப் பாருங்கள். அவளுக்கென்று ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். என்றைக்காவது யாராவது ஒரு போட்டோவை உங்கள் முன்னால் நீட்டினால், உங்கள் கைவேலையைப் பார்க்காதீர்கள். உங்களுக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தெரியாது என்று சொல்ல அவமானப்படாதீர்கள். நான் பட்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்த ஆவணிக்கு அடுத்த பங்குனியில், ரயிலில் அடிபட்ட அந்தப் பெண்ணுக்கு முதல் வருஷத் திதி வந்தது. அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் அதைத் தன் வீட்டில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். கொள்ளி வைத்தவன் நான், நான்தான் செய்ய வேண்டும் என்றார். நானும் ஊசிக்காரம்மாவும் போயிருந்தோம், நகரியில் இருந்து அந்த அம்மா வந்தார். நெசவுக்காரரின் மனைவி அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். திரும்பி வந்த பெண் ஓரமாக, மயில் இருக்கிற கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். கூப்பிட்டு, முந்தானையை விலக்கி, மயிலை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "நல்லா இரும்மா" என்றார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, அந்த அம்மா ஊசிக்காரம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

நான் கேட்டேன், "மயிலு நான் போடட்டுமாம்மா? அதே மயிலு?"

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மயிலு ஊரெல்லாம் கீது நைனா. எம் பொண்ணுது அந்தப் புள்ளிதான். அத மட்டும் வெக்கச் சொல்லுங்க."

ஊசிக்காரம்மா இதுவரை யாரையும் தொடாத ஒரு ஊசியை எடுத்தார். மணிக்கட்டுப் பக்கம் இடம் பார்த்து, கடுகளவு ஒன்று வைத்து மஞ்சள் பூசினார். பாட்டுப் பாடவில்லை. அந்த அம்மா இப்போதும் கிருத்திகைக்கு மலைக்கு வருகிறார், படி ஏறுவதற்கு முன் என் வீட்டு வாசலில் நின்று ஒரு வாய் தண்ணீர் கேட்பார். சொம்பை வாங்க நீட்டுகிற கையில் அந்த ஒரு புள்ளி மட்டும் இருக்கும்.